மாமன்மார் கொண்டுவந்த மூன்று நிற ஒயர்

கருக்கம்பாளையத்தில் சென்னியப்பன், காளியண்ணன், நாச்சிமுத்து என்று அண்ணன் தம்பி மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஓர் ஆளுக்கான புத்திதான் வாய்த்திருந்தது. நல்ல மனுஷர்கள் என்பதால் அதைப் பாகம் பிரிக்காமல் பொதுச் சொத்தாகவே வைத்திருந்தார்கள். அவசரத்துக்கு யார் கைக்கும் அது கிடைக்காமல் போனது அதனால்தான்.

இவர்களுக்கு ஒரே தங்கை, தெய்வாத்தாள். அவள் மகள் மிதுனா கபடி ஆடுகிறவள். ஆடி ஆடி மாநில இறுதிப் போட்டிக்கே வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதை டிவியில் காட்டப்போகிறார்கள். தெய்வாத்தாளால் நேரில் போக முடியாது. மாடு கன்று போடுகிற சமயம். அவள் புருஷன் புது டிவி ஒன்றை வாங்கி வைத்துவிட்டு லாரியோடு வடக்கே போயிருந்தான். பழைய செட்டாப் பாக்ஸ் வீட்டிலேயே இருந்தது. இரண்டையும் இணைக்கிற ஒயரைத்தான் எலி தின்றுவிட்டது.

தெய்வாத்தாள் அண்ணன்மாரைக் கூப்பிட்டாள். "அண்ணா, ஒயரு மாமன் சீரா இருக்கட்டும். எம்புள்ள ஆடறத நான் கண்ணுல பாக்கோணும். இது கூட உங்களால ஆகலீன்னா, நாளைக்கு அவ கல்யாணத்துல மாமன்னு சொல்லீட்டு ஒருத்தரும் வந்து நிக்காதீங்க."

மூவரும் நடுங்கிப்போனார்கள். கல்யாணத்தில் மாமன் வரிசையில் நிற்காத மாமன், ஊரில் தலை காட்ட முடியுமா?

ஞாயிறு காலையிலேயே டவுனுக்குக் கிளம்பினார்கள். டிவிக்குச் சேருகிற ஒயர்தானா என்று பார்த்து வாங்க வேண்டும் என்பதற்காக டிவியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார்கள். இதுவரை சொல்லும்படியான தப்பு ஒன்றும் இல்லை.

கடைக்காரர் ஜெயபால் கேட்டார். "டிவிக்கும் பாக்ஸுக்கும் நடுவுல எவ்வளவு தூரமுங்க?"

மூவரும் ஒதுங்கிப் போய்க் கலந்து பேசினார்கள். டிவி வாசலில் ஆட்டோவில் இருக்கிறது. பாக்ஸ் ஊரில் இருக்கிறது.

"மூணு மைல் வருமுங்க" என்றார் சென்னியப்பன்.

"பாலத்துல வேலை நடக்குது. சுத்தி வந்தா நாலு" என்றார் காளியண்ணன். வியாபாரத்தில் நாணயம் வேண்டும் என்பது அவர் கட்சி.

ஜெயபால் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு தூரத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. இரண்டு ஒயரை எடுத்து மேசை மேல் வைத்தார். "இது ஒரே முனை. படமும் சத்தமும் இதுலயே வந்துரும், தெளிவாவும் இருக்கும். பாக்ஸ் பழசுன்னா மட்டும் இந்த மூணு முனை. உங்க பாக்ஸு எது?"

"பாக்ஸ விடுங்க" என்றார் நாச்சிமுத்து. "மாமன் நாங்க மூணு பேரு. ஒத்த முனையக் கொண்டுபோனா சீரு பெரியண்ணனோடது ஆயிருமுங்க. நாங்க ரெண்டு பேரும் வெறுங்கையோட போறதா?"

ஆக மூன்று முனை ஒயரே முடிவானது. பாக்ஸும் பழசுதான் என்பது அவர்கள் செய்த புண்ணியம்.

ஜெயபால் சொல்லி அனுப்பினார். "சிவப்புல சிவப்பு, வெள்ளையில வெள்ளை, மஞ்சள்ல மஞ்சள். நிறத்துக்கு நிறம் மாட்டுங்க. வேற ஒண்ணும் பண்ணீராதீங்க."

வேறு ஒன்றும் செய்கிற எண்ணம் அவர்களுக்கும் இல்லை. ஊருக்கு வந்து ஒயரைச் சீர்த்தட்டில் வைக்கிறபோதுதான் காளியண்ணனுக்கு முகம் மாறியது.

"ஏனுங்ணா, சிவப்பும் மஞ்சளும் மங்களம். சீருல வெள்ளைய வெப்பாங்களா? தங்கச்சி புருஷன் தூரத்துல வண்டி ஓட்டீட்டு இருக்கறாரு."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய பாவத்திலிருந்து தம்பி காப்பாற்றிவிட்டான். உடனே மஞ்சளைக் குழைத்து வெள்ளை முனையில் அப்பினார்கள். டிவியையும் தட்டையும் தூக்கிக்கொண்டு மேளம் இல்லாத குறையாகத் தங்கை வீட்டுக்குள் நுழைந்தார்கள். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பின்பக்கம் போயிருந்தாள்.

சிவப்பு சுலபமாக மாட்டிக்கொண்டது. மீதி இருந்தது இரண்டு மஞ்சள் முனை. டிவியில் மஞ்சள் ஓட்டை ஒன்று, வெள்ளை ஓட்டை ஒன்று.

"கடைக்காரன் ஏமாத்தீட்டான்" என்றார் நாச்சிமுத்து.

"கடைக்காரன் மேல தப்பில்ல. டிவி செஞ்சவனுக்கு முறை தெரியல" என்றார் சென்னியப்பன். மிச்சமிருந்த மஞ்சளை எடுத்து டிவியின் வெள்ளை ஓட்டையைச் சுற்றிலும் பூசினார். பாக்ஸுக்கும் பூசினார். இப்போது எதை எதில் மாட்டினாலும் நிறத்துக்கு நிறம் சரியாக இருந்தது. மூவருக்கும் நிம்மதி.

மாட்டினார்கள். டிவியில் ஆட்டத்தை வர்ணிக்கிறவர் குரல் வந்தது, கூடவே ஙொய்யென்று ஓர் இரைச்சலும் வந்தது. படம் மட்டும் வரவில்லை. ஆட்டமோ பாதி முடிந்திருந்தது.

தெய்வாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "எம்புள்ள எங்கண்ணா?"

பதில் சொல்ல வேண்டிய பொதுப்புத்தி அந்நேரம் யாரிடம் இருந்ததோ தெரியவில்லை. சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டினார். "அம்மிணி, நீ உக்காரு. சத்தம் டிவியில வருது. படத்த மாமனுங்க நாங்க காட்டறோம்."

முற்றத்தில் கோலமாவால் கோடு போட்டார்கள். சென்னியப்பன்தான் மிதுனா. தம்பிகள் இருவரும் எதிரணி. டிவி சொல்லச் சொல்ல ஆடினார்கள். அறுபது வயது மிதுனா மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு போவதைப் பார்த்துத் தெய்வாத்தாள் முதலில் திகைத்தாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "உடாத சாமி, கால எட்டி வையி" என்று கத்தினாள்.

மிதுனா பாடிப் போகிற கடைசி முறை. டிவி பதறியது. மிதுனா உள்ளே போகிறார், தொட்டுவிட்டார், திரும்புகிறார், மடக்கிவிட்டார்கள், மிதுனா பிடிபட்டார், ஒரு புள்ளியில் கோப்பை கைநழுவியது.

தம்பிகள் இருவரும் சென்னியப்பனின் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தார்கள்.

"அண்ணா, நீங்க அவுட்டு" என்றார் காளியண்ணன்.

"மாமன் நான் இருக்கறப்ப எம்புள்ள எப்படீடா தோப்பா?" என்று சொல்லிச் சென்னியப்பன் இரண்டு தம்பிகளையும் இழுத்துக்கொண்டு முட்டியாலேயே நகர்ந்தார். வலது முட்டி தேய்ந்து ரத்தம் வந்தது. கையை நீட்டிக் கோட்டைத் தொட்டார்.

தெய்வாத்தாள் ஓவென்று அழுதுவிட்டாள். டிவியை அணைத்துவிட்டு, தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். மூன்று அண்ணன்மாருக்கும் கல்யாணத்தில் முன்வரிசை என்று அங்கேயே உறுதியாகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. மிதுனா விக்கி விக்கி அழுதாள். "அம்மா, ஒரு பாயிண்ட்ல தோத்துட்டோம்."

"ஆரு சொன்னா?" என்றாள் தெய்வாத்தாள். "ரெண்டு தடிப்பசங்களையும் இழுத்துட்டு வந்து நீ கோட்டத் தொட்டியே, நான் பாத்துட்டுத்தான இருந்தேன்?"

"இல்லம்மா, என்னைப் புடிச்சுட்டாங்க."

"பெத்தவகிட்ட எதையும் மறைக்காத சாமி. அழுகறத உட்டுட்டு மொதல்ல அந்த வலது முட்டிக்கு மருந்து போடு."

"எனக்கு முட்டியில ஒண்ணுமே ஆகலையேம்மா."

தெய்வாத்தாள் போனைக் கையால் மூடிக்கொண்டு அண்ணன்மார் பக்கம் திரும்பினாள். "பாவம், தலையிலயும் அடி பட்டிருக்குதாட்ட இருக்குது" என்றாள்.