மகாராஜா தம் கையாலேயே கொடுத்த மோதிரம்

முன்னொரு காலத்திலே, கொட்டாவிக்குக்கூட வரி போட்டாலும் சிரிப்புக்கு மட்டும் வரி போடாத ஒரு ராஜ்யம் இருந்தது. அதன் பெயர் எதற்கு? பெயரைச் சொன்னால் நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். ராஜாவின் பெயர் கனகசிம்மன். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் தம்மை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறந்து வரவேண்டும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

அந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம். வீட்டில் நகையை வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்கள் அரண்மனைக் கருவூலத்தில் கொடுத்துவைக்கலாம். கொடுத்ததும் ஒரு செப்பு வில்லை தருவார்கள். கூடவே, கருவூல அதிகாரியின் காதில் ஒரு ரகசியச் சொல்லைச் சொல்லிவிட்டு வரவேண்டும். திரும்ப வாங்கும்போது காவலர்களிடம் வில்லையைக் காட்டி, அதிகாரியிடம் சொல்லைச் சொன்னால் பெட்டி கைக்கு வந்துவிடும்.

கருவூல அதிகாரி திருமேனியார். எதைச் சொல்வதானாலும் முதலில் தொண்டையைக் கனைத்து ஒரு "ம்க்கும்" போட்டுவிட்டுத்தான் தொடங்குவார். அரண்மனை விகடனான சொக்கப்பனைக் கண்டால் அவருக்கு ஆகாது. சொக்கப்பன் பலகுரலில் கெட்டிக்காரன். அந்த "ம்க்கும்"மை அவன் செய்துகாட்டி, ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த நாளிலிருந்து திருமேனியாருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் சபை கூடியிருந்தபோது, கடைத்தெருவில் பணியாரம் சுட்டு விற்கும் செங்கமலம் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"மகாராஜா, என் குடி முழுகிப்போச்சு! வர்ற முகூர்த்தத்துல என் மக பவளத்துக்குக் கல்யாணம். புருஷன் போனப்புறம் அடுப்புல வெந்து வெந்து சேர்த்த நகைங்க. அத்தனையும் போச்சு!"

"அழாமல் சொல், அம்மா," என்றார் ராஜா.

"போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருத்தன் வந்தான். பெரிய தலைப்பாகை, தோள்ல பட்டு. 'கருவூலத்துலேர்ந்து வர்றேன், பழைய வில்லையெல்லாம் மாத்தறோம். இன்னைக்கு ராத்திரிக்குள்ள சரிபார்க்கலைன்னா உன் வில்லை செல்லாது, நகையெல்லாம் அரசாங்கத்துக்குப் போயிடும்'னான். எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. வில்லையை எடுத்துக் குடுத்தேன். ரகசியச் சொல்லு என்னன்னு கேட்டான். அதையும் சொன்னேன். மறுநாள் புது வில்லை வாங்கப் போனா, பெட்டியே இல்லைங்கறாங்க!"

திருமேனியார் எழுந்தார். "ம்க்கும். மகாராஜா, வில்லை வந்தது. சொல்லும் வந்தது. பிசகில்லாமல் சொன்னான், என் இரண்டு காதாலும் கேட்டேன். பெட்டியைக் கொடுத்தோம். வில்லை எவர் கையிலோ அவர்தான் உடையவர். முகம் பார்த்துக் கொடுக்கும் வழக்கம் இந்த அரண்மனையில் இல்லை. தங்கள் முத்திரை மோதிரத்துக்கும் இதே சட்டம்தானே? மோதிரம் எவர் கையிலோ அவர் வாக்கே ராஜ கட்டளை."

ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனம்மா, எவனோ வந்து கேட்டால் இந்தா என்று தூக்கிக் கொடுத்துவிடுவதா? புத்தி எங்கே போயிற்று?" என்றார். ராஜா சிரித்தால் சபை சும்மா இருக்குமா? அத்தனை பேரும் சிரித்தார்கள். செங்கமலம் கூனிக் குறுகி நின்றாள். அவளைப் பார்க்கப் பார்க்கச் சொக்கப்பனுக்கு வயிறு எரிந்தது.

"சொக்கப்பா, நீ ஏன் சிரிக்கவில்லை?" என்று கேட்டார் ராஜா.

"நாளைக்கு மகாராஜாவுக்கும் இதுபோல் நடக்கும். அப்போது சேர்த்துச் சிரித்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன், பிரபு."

ராஜாவின் மீசை துடித்தது. இந்தச் சந்தர்ப்பத்தைத் திருமேனியார் விடுவாரா?

"ம்க்கும். அப்படியானால் விகடரே செய்து காட்டட்டும். திருடக் கூடாது. பறிக்கக் கூடாது. மகாராஜா உறங்கும்போது தொடக் கூடாது. மகாராஜாவே மோதிரத்தைக் கழற்றித் தம் கையால் கொடுக்கவேண்டும். முகூர்த்த நாளுக்குள் முடியாவிட்டால், விகடருக்கு மொட்டையடித்து, கழுதைமேல் வால்பக்கம் பார்த்து உட்காரவைத்து, எல்லைக்கு அப்பால் விரட்டிவிடலாம்."

"பேஷ்!" என்றார் ராஜா. "சம்மதமா, சொக்கப்பா?"

"சம்மதம், பிரபு. நான் ஜெயித்தால் செங்கமலத்தின் மகள் கல்யாண நகைக்குக் கருவூலம் ஈடுகட்ட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்."

வீட்டுக்கு வந்தவனை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள் மனைவி வடிவு. செய்தி அவனுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

"உங்களை யாரு வாயைத் திறக்கச் சொன்னது? மொட்டை உங்களுக்கு, உங்க பின்னாடி மூட்டையைத் தூக்கிட்டு நடக்கறது நான்!"

"அழுதுட்டு நிக்கறா ஒரு பொம்பளை, ஊரே கூடிச் சிரிக்குது. பார்த்துட்டு எப்படிடி சும்மா இருக்கறது?"

அந்த நேரத்தில் செங்கமலமே கொல்லைப்புறமாக வந்து நின்றாள்.

"அண்ணே, என்னால நீங்க மாட்டிக்கிட்டீங்களே. சபையில ஒரு விஷயம் சொல்லாம விட்டுட்டேன். அந்த ஆளு கேட்டானே ரகசியச் சொல்லு, அதை நான் சரியாச் சொல்லலை."

"என்னது?"

"எவனும் ஊகிக்கக் கூடாதுன்னு, வீட்ல யாருமே வாயால சொல்லாத ஒரு சொல்லா வெச்சேன். அவன் வந்தது வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். அந்தச் சொல்லு வாயில வரமாட்டேன்னுது. 'சீதேவி'ன்னு சொல்லிட்டேன். உண்மையில வெச்சது... அவ அக்கா."

"மூதேவியா?" என்றாள் வடிவு.

"ஐயையோ, இப்பவும் விளக்கு வைக்கிற நேரம்தான் அக்கா! சொல்லாதீங்க!" என்று செங்கமலம் காதைப் பொத்திக்கொண்டாள்.

சொக்கப்பன் துள்ளிக் குதித்தான். "வந்தவனுக்குத் தெரிஞ்சது சீதேவி. ஆனா பிசகில்லாத சொல்லைத் தன் காதால கேட்டேன்னு சபையில சொல்லியிருக்கார் திருமேனியார். சரியான சொல்லு செங்கமலத்துக்குத் தெரியும், இல்லைன்னா அவருக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது."

"அப்போ வந்த ஆளே அந்த மனுஷன் அனுப்பினவன்தான்!" என்றாள் வடிவு. "காவக்காரனுக்குக் காட்ட வில்லை வேணும், அதுக்காக வந்திருக்கான். சொல்லைக் கேட்டது சும்மா, பழி இவ தலையில விழறதுக்கு. போய் ராஜாகிட்டச் சொல்லுங்க!"

"கருவூல அதிகாரியை விசாரிக்க ராஜா ஒருத்தருக்குத்தான் அதிகாரம். ராஜா இப்போ அவரோட சேர்ந்து சிரிச்சிட்டிருக்கார். அதனால நான் ராஜாவாகணும், வேற வழியில்லை."

"கிழிஞ்சது போங்க!"

அன்றிலிருந்து ராஜா படு ஜாக்கிரதையாக இருந்தார். சிங்காசனத்தைச் சுற்றிக் காவல், படுக்கையறையில் காவல், சாப்பிடும் இலைக்கு முன்னால்கூட இரண்டு காவல். சொக்கப்பன் வணக்கம் சொன்னால் மோதிரக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார். ஓர் இடத்தில் மட்டும் காவல் வைக்கவில்லை. கோமணத்தோடு உட்கார்ந்திருக்கும் ராஜாவுக்குக் காவல் நிற்க யாரைக் கூப்பிடுவது? ராஜாவுக்கே வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். உச்சந்தலையில் தொடங்கி உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் ஊற, ராஜா மணையில் உட்கார்ந்திருந்தார். பணியாள் தலையில் சீயக்காயைத் தேய்த்துவிட்டு வெந்நீர் கொண்டுவரப் போனான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மோதிரக் கையை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டு, ராஜா பத்திரமாக இருந்தார்.

வெந்நீர் அடுப்புக்கு விறகு சுமந்துவரும் பின்வாசல் வழியாக ஒரு விறகுக்கட்டு உள்ளே வந்தது. அதற்குக் கீழே சொக்கப்பன் இருந்தான். விறகை மெதுவாக இறக்கி வைத்து, அதற்குள் ஒளித்திருந்த இரும்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்றான்.

"ம்க்கும்! மகாராஜா! ஆபத்து!"

"யார், திருமேனியாரா? என்ன ஆபத்து?"

"ம்க்கும். சொக்கப்பன் அரண்மனைக்குள் புகுந்துவிட்டான், பிரபு! காவலர்களில் யாரையோ கைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறான். தங்கள் மோதிரத்தைத் தேடித்தான் வருகிறான்!"

"ஐயோ! பிடியுங்கள் அவனை!" ராஜா கண்ணைத் திறக்கப் பார்த்தார். சீயக்காய் உள்ளே இறங்கியது. "ஆ, எரிகிறதே!"

"தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். அதுவரை மோதிரம் தங்கள் கையில் இருப்பது உசிதமல்ல. இரும்புப் பெட்டி கொண்டுவந்திருக்கிறேன். இதில் போட்டுப் பூட்டிவிட்டால் அவன் அப்பன் வந்தாலும் எடுக்க முடியாது. பணியாளிடம்கூட மூச்சுவிட வேண்டாம். அவனும் உடந்தையோ என்னவோ. சீக்கிரம், பிரபு, காலடிச் சத்தம் கேட்கிறது!"

யோசிக்க நேரம் எங்கே? எண்ணெய் விரலில் மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்தது. திரைக்கு வெளியே கையை நீட்டி, பெட்டிக்குள் டணாரென்று போட்டார் ராஜா.

"பத்திரம், திருமேனியாரே, பத்திரம்!"

"ம்க்கும். இனிமேல் என் பொறுப்பு."

தலையைத் துவட்டியும் துவட்டாமலும் ராஜா சபைக்கு ஓடிவந்தார். வாசலில் நிஜத் திருமேனியார் நின்றிருந்தார்.

"பூட்டிவிட்டீரா? பத்திரமாக இருக்கிறதா?" என்று அவர் காதில் கிசுகிசுத்தார் ராஜா.

"ம்க்கும். எது, பிரபு?"

"சபாஷ்! என்னிடமே எது என்கிறீரே! மோதிரம் ஐயா, மோதிரம்!"

"எந்த மோதிரம், பிரபு?"

ராஜா தம் வெறும் விரலைத் தடவிப் பார்த்தார். அப்போது சிங்காசனத்திலிருந்து கணீரென்று ஒரு சத்தம் வந்தது: "ம்க்கும்!"

அங்கே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் சொக்கப்பன். விரலில் முத்திரை மோதிரம் பளபளத்தது. அவன் வரச்சொல்லியிருந்த செங்கமலமும் ஓரமாக நின்றிருந்தாள்.

"பிடியுங்கள் அந்தப் பயலை!" என்று கத்தினார் திருமேனியார்.

சொக்கப்பன் கையை உயர்த்தினான். வேலோடு பாய்ந்த காவலர்கள் அப்படியே நின்றார்கள்.

"மோதிரம் எவர் கையிலோ அவர் வாக்கே ராஜ கட்டளை. முகம் பார்க்கும் வழக்கம் இந்த அரண்மனையில் இல்லை. சொன்னவர் நீர்தானே, திருமேனியாரே? இப்போது நான் ராஜா, நான் கேட்கிறேன், நீர் சொல்லும். செங்கமலத்தின் வில்லையோடு வந்தவன் என்ன சொல் சொன்னான்?"

திருமேனியார் ராஜாவைப் பார்த்தார். தம்முடைய சட்டம்தான் என்பதால் ராஜாவும் பதில் சொல்லும்படி கையைக் காட்டினார்.

"ம்க்கும். மூதேவி என்றான். அதுதான் அவள் வைத்த சொல்."

"செங்கமலம், வந்தவன்கிட்ட நீ என்ன சொன்னே?"

"வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரமுங்க. வாய் கூசிச்சு. 'சீதேவி'ன்னுதான் சொன்னேன். சத்தியமுங்க."

சபையில் இருந்த ஒவ்வொருவருக்கும் வீட்டில் அம்மா உண்டு, மனைவி உண்டு. அந்த நேரத்தில் அந்தச் சொல்லை எந்தப் பெண்ணும் வாயில் எடுக்கமாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரியாதா? எல்லோருடைய தலையும் மெல்ல மெல்லத் திருமேனியார் பக்கம் திரும்பியது.

"பொய்! இவள் புளுகுகிறாள்!"

"இருக்கலாம். உம்முடைய வீட்டைச் சோதித்தால் தெரிந்துவிடப்போகிறது," என்றான் சொக்கப்பன். "காவலர்களே, இது ராஜ கட்டளை."

போன காவலர்கள் நெல் குதிருக்குள்ளிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். செங்கமலம் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சொக்கப்பன் சிங்காசனத்திலிருந்து இறங்கினான். ராஜாவின் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு மோதிரத்தை நீட்டினான். "ஆள் இவர்தான் என்று பார்த்துத்தான் கொடுக்கிறேன், பிரபு."

ராஜா முதலில் கண்ணைத் துடைத்தார், சீயக்காய் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பிறகு செங்கமலத்திடம், "உன்னைப் பார்த்துச் சிரித்தேன், அம்மா. நானும் தூக்கித்தான் கொடுத்தேன். மனசில் வைத்துக்கொள்ளாதே," என்றார். அதற்கப்புறம்தான் தம்மையே நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். மொட்டையடிக்க நாவிதனும், ஏறிப் போகக் கழுதையும் தயாராக இருந்ததால், திருமேனியாரைக் காக்க வைக்கவில்லை.

அன்றே ஊரெங்கும் முரசு அறைந்தார்கள். இனி வில்லையோடு முகத்தையும் பார்த்துத்தான் பெட்டி கொடுக்கப்படும். கருவூலத்திலிருந்து எவரும் வீடு தேடி வந்து வில்லையையோ சொல்லையோ கேட்கமாட்டார்கள். அவசரம் என்று எவன் வந்து நின்றாலும் கதவைச் சாத்திவிட்டு, அரண்மனைக்கே நேரில் வந்து விசாரிக்க வேண்டும்.

மறுநாள் காலை ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. சொக்கப்பனுக்குப் பரிசைத் தாமே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்! பரிவாரம் இல்லாமல், பொன்முடிப்போடு வந்து கதவைத் தட்டினார்.

"யாரது?" உள்ளேயிருந்து வடிவின் குரல் கேட்டது.

"நான்தான் மகாராஜா."

"ஓகோ! நான்தான் மகாராணி. என்ன வேணும்?"

"பரிசு கொண்டுவந்திருக்கிறேன். கதவைத் திற, அம்மா."

"பரிசெல்லாம் வீடு தேடி வராதுங்க. நாங்களே அரண்மனைக்கு வந்து விசாரிச்சு வாங்கிக்கறோம். நீங்க நடையைக் கட்டுங்க."

சொக்கப்பன் பதறிப்போனான். "அடியே, அது ராஜா குரல் மாதிரியே இருக்குடி!"

"நேத்து உங்க குரலும் திருமேனியார் குரல் மாதிரியேதான் இருந்துச்சு," என்றபடி வடிவு இன்னொரு தாழ்ப்பாளையும் போட்டாள்.

நடுத்தெருவில் நின்று ராஜா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழிகளெல்லாம் கூரைமேல் ஏறிவிட்டன. அரண்மனைக்குத் திரும்பியதும் முடிப்பை இரண்டாக்கினார். மத்தியானம் நேரில் வந்து நின்ற இருவரையும் முகம் பார்த்து, மோதிரத்தைக் கழற்றவைத்த சொக்கப்பனுக்கு ஒன்றும், கதவைத் திறக்காத வடிவுக்கு ஒன்றுமாகக் கொடுத்தார். பெரிய முடிப்பு வடிவினுடையது.