உதவாக்கரைகளின் நாடு

முன்னொரு காலத்தில், கிளி பேசினால் மனிதர் நின்று கேட்ட காலத்தில், குன்றாபுரி என்றொரு நாடு இருந்தது. அந்நாட்டு மக்கள் நல்லவர்கள்தான்; வாய்தான் கொஞ்சம் நீளம். மாடு கறக்காவிட்டால் உதவாக்கரை, மகன் எழுந்திருக்காவிட்டால் உதவாக்கரை. எதற்கும் லாயக்கில்லாதவன் என்று பொருள். பொருளை யார் யோசித்தார்கள்? சோற்றுக்கு ஊறுகாய் மாதிரி, பேச்சுக்கு அந்தச் சொல்.

வித்தை காட்ட வந்த சடையன் என்ற மந்திரவாதியை, அரசரும் அப்படிச் சொல்லியே விரட்டினார். அவனுக்கு வந்ததே கோபம்!

"இனி இந்த நாட்டில் அந்தச் சொல் யார்மேல் விழுந்தாலும், அவர் கல்லாகக் கடவது!" என்று கோலை ஓங்கித் தரையில் தட்டினான்.

பழகிய நாக்கு சும்மா இருக்குமா? அரசர் திட்டினார், இளவரசன் கல். வாத்தியார் திட்டினார்; மாணவன் கல். கன்றை அவிழ்த்துவிட்டு மேகம் பார்த்து நின்ற வெள்ளையப்பனை அவன் மனைவி பவளாயி திட்டினாள், அவனும் கல்.

ஊரே உட்கார்ந்து அழுதது. பவளாயி மட்டும் அழுதுகொண்டே சடையன் குடியிருந்த மலைமேல் ஏறினாள். அவள் துணிச்சலை என்னவென்று சொல்வேன்!

"உன் புருஷனை நான் ஏன் திருப்பித் தரணும்? காரணம் சொல்லு. பொய் சொன்னா நீயும் கல்லு. அவன் நல்லா உழுவானா?" என்றான் சடையன்.

"கோணலா உழுவாரு, சாமி."

"விறகு வெட்டுவானா?"

"கோடாலியைத் தொலைச்சிட்டு வருவாரு, சாமி."

"சண்டைன்னா முன்னால நிப்பானா?"

"முதல்ல வீட்டுக்கு ஓடிவந்துடுவாரு, சாமி."

சடையன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்புறம் எதுக்கடி அவன்?"

"எதுக்கும் இல்ல சாமி. அவரு இல்லாம எனக்குச் சோறு இறங்கல. லாயக்குப் பாத்தா ஒருத்தர்மேல ஆசை வைக்கிறோம்? அன்னிக்கு நான் திட்டினது அவரு குணத்தால இல்ல, என் வாய்க்கொழுப்பால."

அவள் கல்லாகவில்லை. அத்தனையும் உண்மை. எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

சடையனின் சிரிப்பு நின்றது. "என்னை அரசர் விரட்டினப்போ எனக்காக இப்படிக் கேக்க ஒருத்தரும் வரலியே" என்று தேம்பினான். கோலை முழங்காலில் வைத்து முறித்தான். கீழே கல்லெல்லாம் மனிதராகிக் கண் கசக்கின. மகனைக் கட்டிக்கொண்ட அரசர், பவளாயிக்கு நன்செய் நிலம் எழுதி வைத்தார்.

அவளோ மலையைவிட்டு இறங்கும்போதே சடையனைத் திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டிருந்தாள்: "வாங்க சாமி, எங்க வீட்ல சாப்பிடலாம்."

"உன் புருஷனையே கல்லாக்கினவன் நான். உன் வீட்ல சாப்பிட எனக்கு என்னம்மா தகுதி இருக்கு?"

"பசிக்குதுல்ல? அது போதும், வாங்க."