சுயம்பு இறக்கிய காற்று

ஒரே குழியில் மூன்று பேருடைய நியாயம் மாட்டிக்கொண்ட கதை இது. கேட்டுவிட்டு, யாருடையதை வெளியே இழுப்பது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு மத்தியானம் ரோஸ்லெட்டின் மகள் பெனிஷாவுக்கு இடுப்பு வலி கண்டுவிட்டது. தலைப்பிள்ளை. குறித்த நாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மருமகன் ஜெஸ்டின் காரை எடுத்தான். ரோஸ்லெட் பின்சீட்டில் ஏறி மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் பதினான்கு கிலோமீட்டர். அதில் பாதி கால்வாய்க்கரை ரோடு. ஓரத்தில் தடுப்புச் சுவர் கிடையாது. கால்வாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரை முட்டி ஓடிக்கொண்டிருந்தது.

ஜெஸ்டின் நல்ல பிள்ளை. ஒரே ஒரு கிறுக்கு, அந்தக் கார். அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனிச் சக்கரங்களைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெரிய அலாய் வீல் நாலு மாட்டினான். கண்ணாடி மாதிரி மின்னும். சக்கரம் பெருத்த அளவுக்கு டயர் மெலிந்து போயிற்று. முன்பு உள்ளங்கை அகலம் இருந்த ரப்பர் இப்போது மூன்று விரல்தான். ஸ்டெப்னி இருந்த இடத்தில் பாட்டுப் பெட்டி உட்கார்ந்திருந்தது. “வண்டிக்குப் பவுசான செருப்பு வாங்கிக் குடுத்திருக்கான், நடக்கத்தான் விடமாட்டான்” என்று பெனிஷாவே கேலி செய்வாள்.

கால்வாய்க்கரை ரோடு தொடங்கும் முக்கில் ஒரு குழி. மழைத் தண்ணீர் நிறைந்து, ரோட்டோடு ரோடாகக் கிடந்தது. கார் அதில் விழுந்த சத்தம் ரோஸ்லெட்டின் முதுகெலும்பில் கேட்டது. அப்புறம் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. நல்லவேளை, இருபது அடியில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் பெயர் சுயம்பு.

அவர் குனிந்து பார்த்தார். முன்சக்கரத்து டயரின் பக்கவாட்டில் கோழிமுட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. வீலின் உள்விளிம்பில் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் மாட்டியது.

“வீல் கீறிட்டு தம்பி. இது காத்து மெல்ல இறங்குற கேசு இல்ல. வெடிக்கிற கேசு.”

ஜெஸ்டின் ஆம்புலன்சுக்குப் போன் போட்டான். வண்டி வேறு ஊருக்குப் போயிருக்கிறது, வர ஐம்பது நிமிடம் ஆகும் என்றார்கள். ஆட்டோ எதுவும் கண்ணில் படவில்லை. தன் மச்சினன் மீன் வண்டி கொண்டுவருவான், அதில் ஏற்றிவிடலாம் என்று சுயம்பு சொல்லிப் பார்த்தார். ஜெஸ்டினுக்குக் கோபம் வந்துவிட்டது.

“என் பெஞ்சாதிய மீன் வண்டியில ஏத்தவா? காத்து இன்னும் நிக்குது. இருபதுல உருட்டிக்கிட்டே போயிருவேன்.”

பெனிஷா தண்ணீர் கேட்டாள். வெந்நீர் வாங்க அவன் எதிர்த்த டீக்கடைக்கு ஓடினான். அந்த இரண்டு நிமிடத்தில் நடந்ததை ரோஸ்லெட் மட்டும் பார்த்தாள். சுயம்பு போனைக் காதில் வைத்து, “மச்சான், பாலம் தாண்டிட்டியா? அப்ப எங்கயும் நிறுத்தாத. நேரா கடைக்கு வா, பிரசவ கேசு” என்றார். போனைப் பைக்குள் போட்டார். பிறகு புடைத்த சக்கரத்தின் அருகே உட்கார்ந்து, வால்வைத் திருகினார். உஸ்ஸென்று காற்று போயிற்று. நிமிர்ந்தபோது ரோஸ்லெட்டின் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன.

மீன் வண்டி வராவிட்டால்? வழியில் அதுவும் நின்றுவிட்டால்? ரோஸ்லெட் ஜெஸ்டினைக் கூப்பிட வாயெடுத்தாள். கால்வாய்த் தண்ணீர் கண்ணில் பட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

“அது என்னம்மா சத்தம்?” என்றாள் மகள்.

“மழைத்தண்ணி ஓடுது மக்களே” என்றாள் ரோஸ்லெட். உதடு ஜெபத்தில் இருந்தது. அதே உதடுதான் பொய்யும் சொன்னது.

ஜெஸ்டின் திரும்பி வந்து சப்பிக் கிடந்த சக்கரத்தைப் பார்த்ததும், கையிலிருந்த வெந்நீர் தளும்பிக் கொட்டியது. அவன் சுயம்புவின் சட்டையைப் பிடிப்பதற்குள் மீன் வண்டி வந்து நின்றது. பெட்டிகளை ஓரம் தள்ளி, தார்ப்பாய் விரித்து, பெனிஷாவைக் கிடத்தினார்கள். ஐஸ் தண்ணீர் சேலையில் ஊற ஊற, ஒவ்வொரு வளைவிலும் ரோஸ்லெட் மகளின் கையை விடவேயில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து கால்மணி நேரத்தில் பெண்குழந்தை பிறந்தது.

அந்த டயர் ஆஸ்பத்திரிவரை தாங்கியிருக்குமா? யாருக்கும் தெரியாது. மறுநாள் போய்ப் பார்த்தபோதும் கிழியாமல்தான் இருந்தது. அதுதான் ஜெஸ்டினைக் குடைந்தது. குழந்தையை வைத்துக்கொண்டிருந்த ரோஸ்லெட்டிடம் வந்து கேட்டான்.

“அந்தாளுதான் காத்தை இறக்கியிருக்கணும். நீங்க உள்ளதானே இருந்திய மாமி. பாத்தியளா?”

மனைவியைச் சீக்கிரம் சேர்க்கத் துடித்தவன் ஒருவன். பிறர் வண்டியில் கேட்காமல் கைவைத்தவர் ஒருவர். பார்த்தும் மறைத்தவள் ஒருத்தி. இவர்களில் யார் செய்தது சரி?

விடை: சுயம்பு செய்ததே சரி. டயர் வெடித்திருக்கும் என்பதற்காக அல்ல. அது அவருக்கும் நிச்சயமில்லை. மச்சினன் பாலம் தாண்டிவிட்டானா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் வால்வில் கைவைத்தார். ஒரு வழியைத் திறந்துவிட்டு மறுவழியை அடைத்தார். முதலில் காற்றை இறக்கிவிட்டுப் பிறகு போன் போட்டிருந்தால், அதே கை பாவம் செய்த கை. ஜெஸ்டினின் பாசத்தில் குறையில்லை. ஆனால் மீன் நாற்றத்துக்கு அஞ்சியவன் கால்வாய்க்கு அஞ்சவில்லை. ரோஸ்லெட்டின் மௌனம் மீன் வண்டி வரும்வரை சரி. அதற்குப் பின்னும் நீடித்தால், அது வெறும் பயம். அவளுக்கும் அது தெரிந்திருந்தது. “பாத்தேன் மக்களே. நான்தான் வாயத் திறக்கல” என்றாள். ஜெஸ்டின் குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றான். எப்போது திருப்பிக் கொடுப்பானோ என்று, வெறுங்கையோடு அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.