எலிக்கூண்டுக்கு எந்தத் துகள்

பேராசிரியை குமுதவல்லியிடம் இரண்டு பேர் ஆராய்ச்சி செய்தார்கள். இருவருக்கும் வேலை ஒன்றுதான். சினைப்பைப் புற்றுநோய்க்கான மருந்தை நுண்துகளுக்குள் அடைத்து, நோய்ப்பட்ட செல்லைத் தேடிப் போகவைக்க வேண்டும்.

ஒருவர் எபனேசர். மருந்துக் கம்பெனியில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு மாணவராக வந்தவர். பேராசிரியையைவிட ஆறு வயது மூத்தவர். இன்னொருத்தி நூருன்னிசா. கேட்டால்தான் பேசுவாள்.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஒரே ஒரு துகளுக்குத்தான் அனுமதி கிடைத்தது. பேராசிரியை நூருன்னிசாவின் துகளைத் தேர்ந்தெடுத்தார்.

எபனேசருக்கு வயிறு எரிந்தது. அவள் கொடுத்த இனிப்பைச் சிரித்துக்கொண்டே வாங்கி, அவள் தலை மறைந்ததும் குப்பையில் போட்டார். அப்படியும் மனுஷனுக்கு ஆறவில்லை. நேரே பேராசிரியையின் அறைக்குப் போனார்.

“மேடம், என் துகள் நூத்துக்குத் தொண்ணூத்தாறு புற்றுச் செல்லைக் கொல்லுது. அவளோடது எழுபத்தெட்டுதான். இது என்ன நியாயம்?”

“கணக்கு சரிதான்.”

“பின்னே? அவகிட்ட அப்படி என்னத்தைக் கண்டீங்க?”

“பொறாமையா இருக்கா, எபனேசர்?”

“இருக்கு மேடம். மறைக்க என்ன இருக்கு? அவ பேரைக் கேட்டாலே பத்திக்கிட்டு வருது. மாத்திக் கொடுங்க. இல்லைன்னா நான் கிளம்பறேன்.”

பேராசிரியை எழுந்து நுண்ணோக்கி அறைக்கு நடந்தார். எபனேசரும் பின்னாலேயே போனார்.

இரண்டு துகள்களிலும் பச்சையாக ஒளிரும் சாயம் கலந்திருந்தது. துகள் எந்தச் செல்லுக்குள் நுழைகிறதோ, அந்தச் செல் திரையில் பச்சையாகத் தெரியும். பேராசிரியை செல் வளர்த்த இரண்டு தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். தட்டுகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைக் கையால் மறைத்துக்கொண்டார்.

“எது உங்களோடது?”

முதல் தட்டில் திரை முழுக்கப் பச்சை. ஒரு செல் பாக்கியில்லை. இரண்டாவதில் எங்கோ இரண்டு மூன்று புள்ளிகள், மற்றபடி ஒரே இருட்டு.

எபனேசருக்கு முகமெல்லாம் சிரிப்பு. “முதல் தட்டு! இதையெல்லாம் கேக்கணுமா? ஒண்ணு விடாம உள்ளே போயிருக்கு பாருங்க. அவளோடது வாசல்லயே நின்னுருச்சு. இதையா மேடம் எலிக்குக் கொடுக்கப் போறீங்க?”

“நல்லாப் பாத்துட்டீங்களா?”

“பாத்துட்டேன்.”

“சந்தேகம் இல்லையே?”

“சத்தியமா என்னோடதுதான் மேடம்.”

பேராசிரியை கையை எடுத்தார். இரண்டு சீட்டிலும் ஒன்றேதான் எழுதியிருந்தது: நோயில்லாத சினைப்பைச் செல்.

எபனேசர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடமாக அவர் நோய்ச் செல்லை மட்டுமே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல செல்லை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தார்.

திரையைக் காட்டிக் கேட்டார். “அப்போ அவ தட்டுல அந்த இருட்டு...?”

“அந்த இருட்டுக்குத்தான் அவ மூணு வருஷம் உழைச்சா.”