வளைவு தாண்டும் வரை

முன்னொரு காலத்தில், கடல் தாண்டி, அந்தக் கடலுக்கும் அப்பால் இன்னொரு கடல் தாண்டி, ஜப்பான் என்று ஒரு தேசம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் நான் சொல்லும் காலத்தில் அங்கே குரங்குகள் பேசும், மந்திரவாதிகள் கால்நடையாக ஊர் சுற்றுவார்கள். நம் ஊர் ஆளுக்கு அவர்கள் பாஷை எப்படிப் புரிந்தது என்று குறுக்கே கேட்கக் கூடாது. கதையில் பேசினால் புரியும், அவ்வளவுதான்.

அந்தத் தேசத்துக்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒரு கப்பல் போயிற்று. அதில் சிங்காரம் என்று ஒரு தச்சன். வேலையில் கெட்டிக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம். நடுக்கடலில் புயலடித்துப் பாய்மரம் சாய்ந்தபோது ஓடிப்போய்த் தோள் கொடுத்தான். கப்பல் பிழைத்தது, தோள் பிழைக்கவில்லை. வலது கையைக் காதுக்கு மேலே தூக்க முடியவில்லை. கை தூக்க முடியாத தச்சனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மலைமேல் வெந்நீர் ஊற்று இருக்கிறதாம், காற்று திரும்பிக் கப்பல் கிளம்புவதற்குள் போய்த் தேறி வா என்று கப்பல் தலைவர் அனுப்பிவைத்தார்.

மலை ஏறினான், ஏறினான், ஏறிக்கொண்டே இருந்தான். மேலே போகப் போகப் பனி. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, மூங்கில் காட்டுக்கு நடுவே, மரத்தாலான ஒரு விடுதி. வாசலில் ஒரு பெரிய கல், கல்லுக்கு அப்பால் கீழே இறங்கும் பாதை, ஐந்நூறு அடி தள்ளிப் பாதையில் ஒரு வளைவு. வாசலில் ஓர் அம்மாள் தலைகுனிந்து நின்றுகொண்டிருந்தாள். அவன் வளைவில் தலை காட்டியபோதே குனிந்தவள், அவன் வந்து சேரும்வரை நிமிரவில்லை. அவள் பெயர் கினு. அந்த விடுதியைத் தனி ஆளாக நடத்துகிறவள்.

விடுதி என்றால் நம் ஊர்ச் சத்திரம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். செருப்பை வாசலில் விட்டால், திரும்புவதற்குள் அது வெளியே பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருக்கும். அறை முழுக்கப் புல் பாய். சாப்பாடு அறைக்கே வரும். இருபது சின்னக் கிண்ணங்கள், கொலு வைத்தது போல, ஒவ்வொன்றிலும் ஒரு வாய். முதல் நாள் சிங்காரம் எல்லாவற்றையும் சோற்றில் கொட்டிப் பிசைந்துவிட்டான். கினு முகம் சுளிக்கவில்லை. மறுநாள் பெரிய கிண்ணமாக ஒன்று சேர்த்து வைத்தாள்.

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமையில் வெந்நீர் கிடைத்தால் நம் ஆள் சும்மா இருப்பானா? உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு ஊற்றில் இறங்கப் போனான். கினு ஓடிவந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பணிவாகச் சொன்னாள். ஊற்றுத் தண்ணீர் எல்லோருக்கும் பொது. முதலில் வெளியே முக்காலியில் உட்கார்ந்து, மரவாளியில் மொண்டு, அழுக்குப் போகக் குளித்துவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். "குளிச்சிட்டு வந்து குளிக்கணுமா?" என்று கேட்டான் சிங்காரம். ஆனால் குளித்தான். அப்புறம் பாறைகளுக்கு நடுவே கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து, தலையில் பனி விழ, கந்தக வாசனையை மூக்கில் இழுத்தபோது, இவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று தோன்றியது. எதிர்ப் பாறையோரம் ஒரு கிழட்டுக் குரங்கு அதே தண்ணீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. அது மட்டும் குளித்துவிட்டு வந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் கரி விற்கிறவன் ஒருவன் அடிவாரத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்தான். கினு அதைப் படித்தாள். வாசல் கல்வரை ஓடினாள். அங்கேயே நின்றாள். திரும்பி வந்தாள். மறுபடி ஓடினாள். மூன்றாவது தடவை கல்லின் மேல் உட்கார்ந்து அழுதுவிட்டாள். சிங்காரம் போய் என்ன என்று கேட்டான். விருந்தாளியிடம் சொந்தக் கஷ்டத்தைச் சொல்வது அந்த ஊரில் மரியாதை இல்லை. ஆனாலும் சொன்னாள்.

அவளுக்கு ஒரே மகள், சாயோ. போன வருஷம் அடிவாரத்து ஊரில் கட்டிக்கொடுத்தாள். இப்போது தலைப்பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, மூன்று நாளில் வலி எடுத்துவிடும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். அம்மா வந்து பக்கத்தில் இருந்தால் பிழைத்துவிடுவேன் என்று மகள் எழுதியிருக்கிறாள். ஆனால் கினுவால் அந்த வாசல் கல்லைத் தாண்ட முடியாது. இருபது வருஷமாகத் தாண்டவில்லை. மகள் கல்யாணத்துக்கே வாசலில் நின்றுதான் வழியனுப்பினாள்.

சாயோ கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு மந்திரவாதி வந்து தங்கினானாம். அந்த ஊர் விடுதிகளில் ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி கிளம்பினால் விடுதிக்காரி வாசலில் தலைகுனிந்து நிற்பாள். அவர் பாதை வளைவைத் தாண்டி மறையும் வரை நிமிர மாட்டாள். மந்திரவாதி கிளம்பிய அன்று அடுப்படியில் குழந்தை வீறிட்டது. கினு நிமிர்ந்து உள்ளே ஓடினாள். அந்த நேரம் பார்த்து அவன் திரும்பினான். வாசல் வெறுமையாக இருந்தது. அவனுக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்னை வழியனுப்ப உனக்குப் பொறுமை இல்லை. உன்னை ஒருத்தர் அதே மாதிரி வழியனுப்பும் வரை இந்த வாசல் உன்னை விடாது. அவர் தலை நிமிரக் கூடாது, நீ திரும்பிக் குனியக் கூடாது. குனிந்தால் நீ விடுதிக்காரிதான்."

இருபது வருஷத்தில் மூன்று பேரிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறாள். ஒரு பிரபு, ஒரு வியாபாரி, ஒரு துறவி. பிரபுவுக்குக் கழுத்து வளையவில்லை. வியாபாரி குனிந்தான், ஆனால் மந்திரம் வேலை செய்கிறதா என்று பாதியில் எட்டிப் பார்த்துவிட்டான். துறவி கடைசிவரை குனிந்து நின்றார். பாவம், இவ்வளவு வயதானவர் எனக்காக நிற்கிறாரே என்று கினுவே திரும்பிக் குனிந்துவிட்டாள். பாயைச் சுருட்டுவது போலப் பாதை சுருண்டு அவளை வாசலில் கொண்டுவந்து போட்டது.

"இவ்வளவுதானா? நாளைக்குக் காலையில நான் குனியறேன். நீங்க திரும்பாம போங்க" என்றான் சிங்காரம்.

மறுநாள் காலை அவன் வாசலில் குனிந்தான். கினு கல்லைத் தாண்டினாள். ஐம்பது அடி, நூறு அடி, இருநூறு அடி போனாள். முதுகுக்குப் பின்னால் ஒரு விருந்தாளி பனியில் தலைகுனிந்து நிற்கிறார் என்ற நினைப்பு அவள் பிடரியைப் பிடித்து இழுத்தது. திரும்பினாள், குனிந்தாள். பாயைச் சுருட்டுவது போலப் பாதை சுருண்டது. வாசலில் நின்றாள்.

அடுத்த நாள் சிங்காரம் யோசித்து ஒரு வேலை செய்தான். மகளுக்குத் தேவையான சாமான்களை மூட்டை கட்டி, ஒரு கையில் மூட்டை, ஒரு கையில் கஞ்சிக் கலயம் கொடுத்தான். கை நிறையச் சுமை இருந்தால் எப்படிக் குனிவாள்? கினு முந்நூறு அடி போனாள். நின்றாள். மூட்டையைப் பனியில் பத்திரமாக இறக்கிவைத்தாள், கலயத்தைச் சாயாமல் பக்கத்தில் வைத்தாள், திரும்பினாள், குனிந்தாள். பாயைச் சுருட்டுவது போலப் பாதை சுருண்டது. பழக்கம் என்றால் அப்படி. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

சிங்காரத்துக்கு வெறுத்துப்போயிற்று. போய் ஊற்றில் உட்கார்ந்தான். எதிரே இருந்த குரங்கு கண்ணைத் திறந்தது.

"வீண் வேலை. அவளுக்குக் கொடுக்கத்தான் தெரியும். ஒருவர் கொடுத்தால் வாங்கிக்கொண்டு போகத் தெரியாது. அதைப் பார்த்துத்தான் அந்தச் சாபத்தைக் கொடுத்தேன்" என்றது.

அந்தக் குரங்குதான் மந்திரவாதி. சாபம் கொடுத்தால் அது தீரும்வரை கொடுத்தவன் காவல் இருந்தாக வேண்டும்; அது மந்திரத்தின் சட்டம். அவனும் இருபது வருஷமாகக் குரங்குத் தோலோடு அங்கேயே கிடக்கிறான். எனக்கென்ன, வெந்நீர் இருக்கிறது என்று வீம்பாகச் சொன்னான். குழந்தை அழுததற்காகவா இத்தனையும் என்று சிங்காரம் கேட்டான்.  நான் திரும்பிப் பார்த்தபோது யாருமே இல்லை, என்று மட்டும் முணுமுணுத்துவிட்டுக் குரங்கு கண்ணை மூடிக்கொண்டது. சிங்காரத்துக்குக் கோபமாகவும் இருந்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

தண்ணீரில் உட்கார்ந்தபடியே யோசித்தான். வாங்கத் தெரியாதவளை வாங்கவைப்பது எப்படி? இவன் குனிந்தால் அவள் குனிகிறாள். இவன் எவ்வளவு குனிந்தாலும் அவள் பதிலுக்குக் குனிவாள். பதிலுக்குக் குனியவே முடியாதபடி ஒரு வணக்கம் இருக்கிறதா? நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய அன்று என்ன செய்தான் என்று நினைத்துப் பார்த்தான். சட்டென்று எழுந்து, துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றாமல், விடுதியில் கொடுத்திருந்த, முன்பக்கம் மடித்துக் கட்டும் உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். அவசரத்தில் வலப் பக்கத்தை மேலே விட்டுக் கட்டியிருந்தான். அப்படிப் பிணத்துக்குத்தான் கட்டுவார்கள் என்று கினு பதறி, முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் காது கொடுத்தாள்.

"எங்க ஊர்ல பெரியவங்க கால்ல விழுந்து கும்பிடுவோம்மா. அவங்க பதிலுக்கு விழ மாட்டாங்க, குனியவும் மாட்டாங்க. பெரியவங்க திருப்பிக் கும்பிட்டா விழுந்தவனுக்கு ஆயுசு குறையும். தலையில கை வச்சு ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிடணும். நாளைக்கு நான் விழுவேன். நீங்க திரும்பிக் குனிஞ்சா, போறது என் உசுரு."

கினுவின் முகம் வெளுத்தது. விருந்தாளிக்குத் தீங்கா? இருபது வருஷத்தில் ஒரு விருந்தாளிக்கு அவள் ஆறிய தேநீர்கூடக் கொடுத்ததில்லை.

மூன்றாம் நாள் பொழுது விடிந்தது. கினு வாசலில் வந்து நின்றாள். சிங்காரம் பனியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். வலது கையைத் தலைக்கு மேலே நீட்டியபோது தோளில் உயிர் போனது. நீட்டினான். கினுவுக்கு முதுகு தானாக வளைய வந்தது. பல்லைக் கடித்து நிமிர்ந்து நின்று, கையை அவன் தலையில் வைத்தாள்.

"நூறு வயசு இரு, மகனே."

கல்லைத் தாண்டினாள். நூறு அடி, இருநூறு அடி, முந்நூறு அடி போனாள். அங்கே கால் நின்றது. பிடரி இழுத்தது. பின்னால் ஒருவன் பனியில் கிடக்கிறான். திரும்பினால் அவன் உயிர் போகும், திரும்பாவிட்டால் மகளிடம் போகலாம். நின்ற இடத்திலேயே அழுதாள். தனக்காக ஒருவன் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள்.

விழுந்து கிடப்பவனுக்கு வளைவு தெரியாது. தலை தூக்கினால் எல்லாம் கெட்டது. சிங்காரத்துக்கு முதலில் நெஞ்சு குளிர்ந்தது, பிறகு விரல்கள் மரத்தன, பிறகு முதுகின் மேல் பனி விழுந்து மூட ஆரம்பித்தது. "போய்விட்டாள், எழுந்திரு" என்றது குரங்கு, வேலி மேல் உட்கார்ந்தபடி. குரலில் அவசரம் இருந்தது. அவள் இன்னும் வளைவை எட்டவில்லை; காவல் இருக்கிறவன் சோதித்துப் பார்த்தான். சிங்காரம் எழவில்லை. "போய்விட்டாள் என்கிறேனே." எழவில்லை.  குரங்கு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது. கினு வளைவுக்கு வந்தாள், நிற்கவில்லை, திரும்பவில்லை, மறைந்தாள். பாதை சுருளவில்லை.

சிங்காரத்தின் தோளை ஒரு கை தொட்டது. ரோமம் இல்லாத, ஐந்து விரல் உள்ள மனுஷக் கை. அந்தக் கிழவன் விடுதலையானதும் தன் வழியே போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் உறைந்து கிடந்தவனைத் தூக்கி, முக்காலியில் உட்காரவைத்து, மரவாளியில் வெந்நீர் மொண்டு ஊற்றி, முதுகு தேய்த்துவிட்டு, ஊற்றில் இறக்கினான். அவனும் அழுதுகொண்டிருந்தான். சிங்காரம் அசதியில் கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிச் சோம்பல் முறித்தான். முறித்த பிறகுதான் வலது கை மேலே போயிருந்ததைக் கவனித்தான்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கினு அடிவாரம் போய்ச் சேர்ந்தாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு இராமுழுக்க உட்கார்ந்திருந்தாள். விடியும்போது பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது.

காலையில் சாயோவின் மாமியார் ஒரு கிண்ணம் சூடான கஞ்சியைக் கொண்டுவந்து கினுவின் முன்னால் வைத்தாள். கினு பதறி எழுந்தாள். உட்காருங்கள், நான் செய்கிறேன், நீங்கள் முதலில் சாப்பிடுங்கள் என்று சொல்ல வாய் திறந்தாள். சாயோ படுத்தபடியே அம்மாவின் உடுப்பில் சேலைத்தலைப்பு மாதிரித் தொங்கிய நீளச் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "உட்காரும்மா" என்றாள்.

கினு உட்கார்ந்தாள். விடுதிக்காரி எப்போதும் கடைசியில் சாப்பிடுகிறவள்; இருபது வருஷமாக ஆறிப்போனதைத்தான் சாப்பிட்டிருக்கிறாள். நாக்கைச் சுட்டுக்கொண்டாள். சிரித்தாள். ஊதி ஊதி முழுக் கிண்ணத்தையும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

அவர்களுக்கு மலையில் வெந்நீர் தானாக வரும். நமக்கு அடுப்பு மூட்டினால்தான். எழுந்திருங்கள், குளிக்க நேரமாகிறது.