பாயச வாளி

புதுச்சேரியில் கஸ்தூரி டீச்சரின் நாடகப் பள்ளியில், மாணவர்களிலேயே மூத்தவர் அருளப்பன். டீச்சரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். பாதி ஆயுளைச் சரித்திர நாடகங்களில் ராஜாவாக நின்றே கழித்தவர். சாவதற்குள் ஒரு தடவையாவது ஜனங்களைச் சிரிக்க வைத்துவிட வேண்டும் என்று இங்கே வந்து சேர்ந்தார். ஆசை யாரை விட்டது.

டீச்சர் எழுதிய புது நாடகத்தில் அவருக்குச் சமையல்காரர் வேடம். சம்பந்தி வீட்டாருக்குப் பாயச வாளியைத் தூக்கி வந்து, தடுக்கி விழ வேண்டும். வசனம்கூடக் கிடையாது.

ஒத்திகையில் தினமும் காலி வாளியோடு வருவார். பாய் விரித்திருக்கும் இடம் வந்ததும் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு, போர்க்களத்தில் ராஜா சாய்கிற மாதிரி அதில் அழகாக விழுவார். அடி படவில்லை. ஒருவரும் சிரிக்கவும் இல்லை.

நாடகத்துக்கு முந்தின நாள், கடைசி ஒத்திகை. டீச்சர் அவரைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணே, இன்னைக்கும் சிரிப்பு வரலைன்னா அந்தக் காட்சியை எடுத்துடுறேன்."

அருளப்பனுக்கு வேறு காட்சி இல்லை.

"இன்னும் எப்படித்தான் விழறது டீச்சர்?"

ஒப்பனைக்காரர் குமரவேல், பேத்தி பிறந்த சந்தோஷத்தில் வீட்டிலிருந்து பாயசம் கொண்டுவந்து உள்ளே அடுப்பில் சூடேற்றி வைத்திருந்தார். அதை அந்தக் காலி வாளி நிறைய ஊற்றச் சொன்னார் டீச்சர்.

"எல்லாரும் பசியோட இருக்காங்க. ஒத்திகை கிடக்கட்டும், முதல்ல இதைக் கொண்டு போய்க் குடுங்க."

"கொதிக்குதே டீச்சர்."

"ஆமா. பேத்தி பொறந்த பாயசம். பார்த்து."

அருளப்பன் வாளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தார். பாய் ஞாபகமே இல்லை. அதன் ஓரம் காலில் மாட்டியது. உடம்பு ஒரு பக்கம் போனது, வாளி ஒரு பக்கம் போனது. ஒற்றைக் காலில் நொண்டினார், சுற்றினார், "ஐயோ குமரவேலு" என்றார், கடைசியில் முட்டி போட்டு வாளியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நின்றார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

பள்ளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. குமரவேல் சிரித்த சிரிப்பில் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அருளப்பனுக்குக் கோபம்.

"என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கு? கொட்டியிருந்தா அந்த மனுஷன் மனசு என்ன பாடு படும்?"

அதற்கும் சிரித்தார்கள். அவர் முட்டி போட்டபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கோபம் மெல்ல இறங்கியது. கடைசியாக டீச்சரைப் பார்த்தார்.

"டீச்சர், நான் விழவே இல்லையே."

டீச்சர் டம்ளரை நீட்டினார்.

"இத்தனை நாளா நீங்க விழறதுக்கு வந்தீங்க அண்ணே. இன்னைக்குத்தான் பாயசம் கொண்டு வந்தீங்க."