முப்பத்திரண்டு முக்காலிகள்

ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் பெத்தபெருமாள், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் காப்பி குடிக்காதவர். அறுபத்தொரு வயதில் ஓவியம் கற்க வந்தார். ஆசிரியை ரெஜினாவுக்கு வயது முப்பத்தைந்து.

அவருக்கு ஒரே ஒரு முகம் வரைய வந்தால் போதும். அம்மாவின் சங்கிலியைத் திருடிவிட்டான் என்று அவர் வீட்டை விட்டுத் துரத்திய மகன் இசக்கிராஜின் முகம். சங்கிலி மறுவாரமே அரிசி டிரம்முக்குள் கிடைத்தது. மகன் நான்கு வருடமாகத் திரும்பவில்லை, போனையும் எடுப்பதில்லை. படம் வரைந்து அனுப்பினால் மனம் இளகுவான் என்று பெத்தபெருமாள் நம்பினார். அந்த ஒரு நம்பிக்கைதான் அவரிடம் மிச்சம் இருந்தது.

ஆறு மாதத்தில் ஒரு படம் முடித்தார். மூக்கும் நெற்றியும் அச்சு அசலாக இருந்தன.

"நாளைக்குத் தபால்ல போட்டுடறேன், டீச்சர்."

"இன்னொண்ணு வரைங்க, சார்."

"அதே முகத்தையா?"

"அதே முகத்தைத்தான்."

பெத்தபெருமாளுக்குச் சந்தேகம் தட்டியது. வகுப்புச் சுவர் முழுக்க ரெஜினா வரைந்த ஒரே முக்காலியின் படங்கள், முப்பத்திரண்டு. இந்தப் பெண்ணுக்கு வேறெதுவும் வரையத் தெரியாதோ? ஒன்றை வரைந்துவிட்டு மற்றதையெல்லாம் படியெடுத்துவிட்டதோ?

ரெஜினா டீ போட உள்ளே போனதும், இரண்டு தாள்களைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முக்காலியின் கால்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. வேறு இரண்டை எடுத்தார். அவையும் பொருந்தவில்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தபோது ரெஜினா டீயோடு வந்து நின்றார்.

"ஏதாவது சிக்குச்சா, சார்?"

பெத்தபெருமாள் வெட்கப்படவில்லை. பார்த்த வேலை அப்படி.

"ஒரு முக்காலிக்கு எதுக்கு முப்பத்திரண்டு படம்?"

"ஸ்டேஷன்ல ஒரு ஆளை எத்தனை தடவை விசாரிப்பீங்க?"

"ஏழு, எட்டு. சில பேரை இருபது தடவைகூட."

"அதே கேள்வியா?"

"அதே கேள்விதான்."

"எதுக்கு?"

"மொதல் தடவை நாம நெனச்சிருக்கறதுதான் காதுல விழும், டீச்சர். போகப் போகத்தான் அவன் சொல்றது கேக்கும்." இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

ரெஜினா மகனின் படத்தை எடுத்துப் பார்த்தார்.

"தம்பிகிட்ட எத்தனை தடவை கேட்டீங்க?"

பெத்தபெருமாள் டீயைக் கீழே வைத்தார்.

"ஒரே தடவை."

"அன்னைக்குத் திருடன்னு நீங்க பார்த்த முகம்தான் இது. தம்பிக்கு இதை அனுப்பாதீங்க, சார்."